முதல் கரண்டை நம்பாத ஊரில் ஒரு கெர்னல் வேலை

கெர்னல், அதாவது கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் ஓடுகிற மென்பொருள். அதை எழுதுகிற வேலை, ஒழுங்காகச் செய்தால் நாம் இருப்பதே யாருக்கும் தெரியாத வேலை; தெரிந்துவிட்டால் அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது. உங்களில் யாராவது இதே பாடு படுகிறவர்கள் இருந்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நான் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு மஞ்சக்குட்டை என்கிற மலைக் கிராமத்திலிருந்து இதைச் செய்கிறேன். வீட்டுக்காரருக்கு இங்கே காப்பித் தோட்டமும் மிளகும். கல்யாணமான புதிதில் அவர் இங்கே, நான் அங்கே. சனிக்கிழமை மலையேறி, ஞாயிற்றுக்கிழமை இறங்கி, வாரம் பூராவும் போனில்தான் குடித்தனம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆன பிறகுதான் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

அத்தையின் கேள்வி

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நாள் பூராவும் அந்தப் பெட்டியை முறைத்துக்கொண்டு என்னதான் செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டார். விளக்கினேன். குடோனில் மூட்டையாக அரிசி இருக்கிறது, சமைக்கக் கொஞ்சம் டப்பாவில் எடுத்து வைத்துக்கொள்கிறோம் இல்லையா? கம்ப்யூட்டரும் டிஸ்கில் உள்ள ஃபைலை மெமரியில் நகல் எடுத்து, அதில் திருத்தி, அப்புறம் பழைய இடத்தில் கொண்டுபோய் வைக்கும். இந்த எடுப்பு வைப்பெல்லாம் கெர்னலின் வேலை. ஆனால் பெர்சிஸ்டன்ட் மெமரி என்று ஒன்று இருக்கிறது. கரண்ட் போனாலும் அதற்கு மறக்காது. அதில் ஃபைலை வைத்தால் நகலே வேண்டாம், இருக்கிற இடத்திலேயே புரோகிராமின் கையில் கொடுத்துவிடலாம். குடோனுக்குள்ளேயே அடுப்பு வைத்த மாதிரி.

அத்தை கறிவேப்பிலை உருவுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். எங்கள் துறைப் பெரிய தலைகள் வருஷக்கணக்கில் அடித்துக்கொள்ளும் கேள்வியை அவர் சாதாரணமாகக் கேட்டுவிட்டுக் கறிவேப்பிலைக்குத் திரும்பினார்: "அப்பறம் நடுவால நீ எதுக்குக் கண்ணு?"

லைன்மேனின் சந்தேகம்

நடுவில் நான் எதற்கு என்றால், கணக்காக ஒரே ஒரு காரியத்துக்கு. மெமரியில் எந்த இடம் எந்த ஃபைலுடையது என்று கெர்னல் முதலில் பதிந்துவைக்க வேண்டும். பிறகுதான் புரோகிராமை எழுத விடவேண்டும். பதிவதற்குள் கரண்ட் போனால் எழுதினது அங்கேயேதான் கிடக்கும், ஆனால் அது தன்னுடையது என்று ஃபைலுக்கே தெரியாது. அதைச் சோதிக்கத்தான் கம்பெனி எனக்கு ஒரு மெஷின் கொடுத்திருக்கிறது. அதற்கு வேண்டுமென்றே யூபிஎஸ் வைக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குவேன். விலை தெரிந்த வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து மிளகுக் கொடியைப் பார்க்கப் போய்விடுவார்.

பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போய், நிஜமான கரண்ட் கட்டில் என்ன ஆகிறது பார்ப்போமே என்று லைன்மேன் பழனிச்சாமிக்குப் போன் போட்டு, இன்றைக்குப் போகுமா என்று விசாரித்தேன். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "எல்லாரும் எப்ப வருமுன்னு கேப்பாங்க. எப்பப் போவுமுன்னு கேக்கறது நீங்க ஒருத்தருதானுங்க."

மேனேஜரின் கெடு

சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒரு கஸ்டமரிடம் கரண்ட் போய் வந்ததும் ஃபைல் வெறுமையாகிவிட்டது. பெங்களூர் லேபில் பிளக்கைப் பிடுங்கினார்கள், மாட்டினார்கள், எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. நானும் பிடுங்கினேன், அதே கதை. மேனேஜர் ரகு நல்ல மனுஷன், ஆனால் அவர் கழுத்தில் மேலே இருப்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பவும் சனிக்கிழமை மலையேறும் வாழ்க்கையா என்று நான் காலண்டரில் நாள் எண்ணும்படி ஆகிவிட்டது. அவர் வார்த்தை இதுதான்: "மாசக் கடைசிக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா, இங்க வந்து லேபோடயே உட்காரச் சொல்றாங்கம்மா."

வந்து, போய், வந்து

அதே மாசம், ஒரு மத்தியானம். காற்றும் மழையுமாக அடித்து, சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்து கரண்ட் போனது. கிளையை எடுத்துவிட்டுப் பழனிச்சாமி லைனைப் போட்டார். எங்கள் மலையில் முதலில் வருகிற கரண்டை யாரும் நம்பமாட்டோம். எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்; இரண்டாவது தடவை வந்து நின்றால்தான் கிரைண்டர், மோட்டார் எல்லாம். மெஷினுக்கு இந்த நாகரிகம் தெரியாதே. கரண்டைப் பார்த்ததும் தானாக எழுந்து, அடிபட்டதைச் சரிசெய்துகொண்டு, அவசரமாக எழுத ஆரம்பித்துவிட்டது. பட்டென்று மறுபடி போய்விட்டது.

இரண்டாவது தடவை வந்தபோது ஃபைலைத் திறந்தேன். பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. கஸ்டமர் சொன்ன அதே வெறுமை. முதல் அடியிலிருந்து எழுந்த கையோடு, எங்கள் கெர்னல் இடத்தைப் பதிவதற்கு முன்பே புரோகிராமை எழுத விட்டிருக்கிறது. நாங்கள் எல்லோரும் ஒரு தடவை பிடுங்கி, மாட்டி, நிதானமாகச் சரிபார்த்தோம். எழுகிற நேரத்தில் திரும்பப் பிடுங்கிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. போச்சு அத்தை, எல்லாம் போச்சு என்று அவரைக் கட்டிக்கொண்டேன். திருத்தம் எழுதி அனுப்பி, பெங்களூரில் அதே மாதிரி இரண்டு தரம் பிடுங்கிப் பார்த்து, சரி என்று ஆனதும் ரகு போன் செய்தார்: "மேல பேசிட்டேன், நீங்க அங்கேயே இருங்க. இந்த மாதிரி கரண்ட் எங்களுக்கு இங்க கிடைக்காதும்மா."

பழனிச்சாமியின் பரிசு

போன வாரம் ரோட்டோரமாகப் புதுக் கம்பங்கள் வந்து இறங்கின. பழனிச்சாமி வேர்க்க விறுவிறுக்க வாசலில் வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. கரண்ட் எப்போது போகும் என்று நான் பயந்துபோய்த்தான் கேட்டேன் என்று நினைத்து, அது அவர் மனசை அறுத்திருக்கிறது. ஆபீசுக்கு நடையாக நடந்து, எங்கள் ரோட்டுக்குப் புது லைன் வாங்கிவந்துவிட்டார். அவ்வளவு பிரியத்தை வைத்துக்கொண்டு நிற்கிற மனுஷனிடம் நான் என்னவென்று சொல்ல? காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் சொன்னது: "இனிமே எட்டிப் பாத்துட்டுப் போற கதையே இல்லீங்க, நிம்மதியா வேலையப் பாருங்க."

ஆக, நான் புருஷனோடு ஒரே ஊரில் குடித்தனம் பண்ணுவது, இனி பழனிச்சாமியின் கண்ணுக்குத் தப்பிய ஏதாவது ஒரு சில்வர் ஓக் கிளையின் கையில் இருக்கிறது.