இன்ஸ்பெக்டருக்கு அனுமதி இல்லை

பட்டர்மில்க் ஓடைப் பள்ளத்தாக்கில் டெல்ஃபியா நேப்பியருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. நேரில் பார்த்தால் மரியாதையாக மிஸ் டெல்ஃபியா. அவள் ஜீப் வளைவைத் தாண்டியதும் பட்டைக்காரி. இரண்டாவது பெயர் அவள் காதுக்கு எட்டவில்லை என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தது. எட்டாமல் என்ன, அதை வைத்தவன் கூடப்பிறந்த தம்பி ஆர்லிஸ் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

கவுன்டிக்கு, அதாவது அந்த மாவட்டத்துக்கு, இருந்த ஒரே கட்டட இன்ஸ்பெக்டர் அவள்தான். கென்டக்கி மலைப்பக்கத்தில் அந்த உத்தியோகம் பார்ப்பது தேன்கூட்டுக்குள் கையை விடுகிற சமாசாரம். தாத்தா வாங்கிய நிலம், அப்பா கட்டிய வீடு, நடுவில் ஒருத்தி வந்து படிக்குக் கைப்பிடி வை, உத்திரத்தை மாற்று என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? போதாக்குறைக்கு, கட்சியில் அவள் கழுதைச் சின்னத்துக்காரி. பள்ளத்தாக்கோ கிட்டத்தட்ட முழுக்க யானைச் சின்னம். அவள் ஒரு ஆணியை மாற்றச் சொன்னாலும் அதற்குப் பின்னால் வாஷிங்டன் சதி ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவள் சதி எதுவும் செய்யவில்லை. பிறவியே அப்படி. தன் கல்யாணத்தன்று சர்ச் படிக்கட்டு லேசாக ஆடுவது தெரிந்து, வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒவ்வொரு பலகையாக அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். பெண் மனம் மாறிவிட்டாள் என்று நினைத்து மாப்பிள்ளை டென்சில் உள்ளே வியர்வையில் தொப்பலாக நனைந்துபோயிருந்தான். அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

தம்பியோடு முட்டிக்கொண்டது ஒரு கேஸ் டாங்க்கை வைத்து. ஓடையோரத்து வீடுகளில் வாசலில் நிற்கிற பெரிய கேஸ் டாங்க்கை சிமென்ட் மேடையில் வைத்து, இரும்புப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டவேண்டும் என்று கவுன்டியில் ஒரு விதி வந்தது. வெள்ளம் வந்தால் டாங்க் மிதந்து போய் எங்காவது முட்டி வெடிக்கும் என்பது காரணம். டெல்ஃபியா முதல் நோட்டீஸை ஆர்லிஸ் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"தம்பின்னு கூட பாக்கலியே நீ!" என்று அவன் கத்தினான்.

"தம்பின்னு பாத்ததாலதான்டா முதல்ல உன் வீட்டுக்கு வந்தேன்."

"அரசாங்கம் இன்னைக்கி டாங்க்க கட்டச் சொல்லும், நாளைக்கி என்னையே கட்டிப் போடும். கட்டுறேன், நல்லா பாத்துக்க!"

கட்டினான். டாங்க்கைக் கட்டினான். பிறகு தபால் பெட்டியைக் கட்டினான், நாய்க்கூண்டைக் கட்டினான், டிராக்டரைக் கட்டினான். மனைவி ஓபல் பூச்செடி வைத்திருந்த பழைய குளியல் தொட்டியைக் கட்டினான். கொல்லைப்புறத்தில் யாரும் போகாத மரக் கக்கூஸையும் விடவில்லை. வாசலில் நின்ற ஆளுயர யானைப் பலகைக்கு நான்கு பக்கமும் பட்டை. கடைசியாக கேட் தூணில் கனத்த இரும்புத் தகடு ஒன்றை வைத்து முடுக்கி, அதற்கும் பட்டை போட்டு, சிவப்புப் பெயின்ட்டில் எழுதினான்: இன்ஸ்பெக்டருக்கு அனுமதி இல்லை.

ஊரே வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தது. டெல்ஃபியாவும் பார்த்தாள். "அந்தத் தகடு அங்க இருக்கிற வரைக்கும் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்று டென்சிலிடம் சொன்னாள். நேப்பியர் குடும்பத்து வீம்பு இரண்டு பேருக்கும் சரிபாதியாகத்தான் பங்கு பிரிந்திருந்தது. மூன்று வருஷம் ஓடிவிட்டது. பண்டிகை வந்தால் ஓபல் ஆப்பிள் பை செய்து வேலிக்கு மேலே நீட்டுவாள், அடுத்த மேட்டு வீட்டில் இருந்த டெல்ஃபியா வேலிக்கு இந்தப் பக்கமிருந்து வாங்கிக்கொள்வாள். ஆர்லிஸ் வாயிலிருந்து அக்கா என்ற சொல் மட்டும் வரவே இல்லை.

அந்த ஜூலையில் ஓடை கரை உடைந்தது. விடிந்தபோது ஆர்லிஸின் வீடு அஸ்திவாரத்தை விட்டு நகர்ந்து போய் ஒரு மரத்தின் மேல் சாய்ந்து கிடந்தது. உள்ளே இடுப்பளவு சேறு. ஆனால் முற்றத்தில் டாங்க், தபால் பெட்டி, நாய்க்கூண்டு, டிராக்டர், குளியல் தொட்டி, கக்கூஸ், யானை எல்லாம் குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல வரிசையாக நின்றன. வீடு போன துக்கத்திலும் அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். ஆர்லிஸுக்குச் சிரிக்க நேரமில்லை. தன் மீன்பிடிப் படகை எடுத்துக்கொண்டு கூரை கூரையாகப் போய் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தான். யானையா கழுதையா என்று எந்தக் கூரையிலும் கேட்கவில்லை. கழுதைக்காரர்களிடம் மட்டும், "இந்தத் தடவ இலவசம், அடுத்த தடவ ஓட்டப் பாத்துப் போடுங்க" என்று சொல்லி ஏற்றிக்கொண்டான்.

அரசாங்கம் சாவகாசமாகத்தான் வந்துசேர்ந்தது. அதுவரைக்கும் சர்ச் மைதானத்தில் அண்டா வைத்து பீன்ஸ் வேகவைத்து, சோள ரொட்டி சுட்டு ஊரே சாப்பிட்டது. லைசென்ஸ் இல்லாத சமையல் என்று ஒரு சுகாதார அதிகாரி வந்து முகம் சுளித்தார். உள்ளூர் அதிகாரி என்று டெல்ஃபியாவைத் தேடிப் பிடித்துக் கேட்டார்.

"அண்டாவா? எந்த அண்டா?" என்றாள் டெல்ஃபியா, அண்டாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மூன்றாவது தட்டை வழித்துக்கொண்டு. வாழ்க்கையில் அவள் கண்ணை மூடிக்கொண்ட முதல் விதி அதுதான். கவுன்டியே அதை ஒரு வாரம் பேசியது.

பிறகு மத்திய நிவாரண ஆபீஸின் வெள்ளைக் கார்கள் வந்தன. வீடு வீடாகப் போய்ப் பார்த்து, சேதத்தைக் குறித்துக்கொண்டு போனால்தான் உதவி கிடைக்கும். ஆர்லிஸ் முகச்சவரம் செய்து, இருந்த ஒரே சுத்தமான சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் காத்திருந்தான். அரசாங்கத்தை நம்பி அல்ல. ஓபல் வெள்ளம் எட்டாத வைக்கோல் கொட்டகையில் படுத்து இருமிக்கொண்டிருந்தாள். குளிர்காலத்தை அந்தக் கொட்டகையில் அவள் நெஞ்சு தாங்காது. கார் வந்தது, வேகம் குறைந்தது, நின்றது, அவன் கேட்டுக்கு வருவதற்குள் போய்விட்டது. அடுத்த வாரமும் அதே கதை.

"வாஷிங்டன்ல கழுதை ஆட்சி. யானையப் பாத்தாங்க, போயிட்டாங்க" என்றான் ஆர்லிஸ். தீவனக் கடைக்காரர் ஹோபர்ட் அதைக் கேட்டு, வருகிறவன் போகிறவன் காதிலெல்லாம் போட்டார். மறுநாள் பாதி வீடுகளில் யானைப் பலகையைக் காணோம். ஹோபர்ட் தன் கடையில் இரண்டு சின்னத்தையும் சேர்த்து மாட்டினார். ஒரு ஆசாமி, டெல்ஃபியாவிடமே வந்து தலையைச் சொறிந்துகொண்டு ஒரு கழுதைப் பலகை இரவல் கேட்டான். ஆர்லிஸ் மட்டும் அசையவில்லை. "வெள்ளமே பிடுங்காத பலகைய நான் பிடுங்குவனா?" என்று சொல்லிவிட்டான்.

டெல்ஃபியா நினைத்தது வேறு. "வந்தவங்க மேல நாய அவுத்து விட்டிருப்பான். அரசாங்கம்னாலே அவனுக்கு ஆகாதே" என்று டென்சிலிடம் பொருமினாள். அந்த வெள்ளிக்கிழமையோடு நிவாரண முகாமை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். ஓபலின் இருமல் வேலியைத் தாண்டிக் கேட்டுக்கொண்டுதானே இருந்தது. ஜீப்பை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். முகாம் அங்கேதான்.

பட்டர்மில்க் ஓடைக்குப் பொறுப்பான பெண் மேரன், வடக்கே மினசோட்டாவிலிருந்து வந்தவள், சின்ன வயசு.

"எங்க தம்பி வீட்ட ஏம்மா விட்டுட்டீங்க? யானைப் பலகை இருக்குன்னா?" என்று டெல்ஃபியா நேராகவே கேட்டாள். தன் கட்சிக்காரர்கள் அப்படிச் செய்திருந்தால் தோலை உரித்துவிடுகிற கோபம் அவளுக்கு.

"எந்த யானை மேடம்?" மேரன் விழித்தாள். "நான் பாத்த ஞாபகமே இல்லியே. கேட்ல வராதேன்னு எழுதியிருந்துச்சு. அப்படி எழுதியிருந்தா நாங்க உள்ள கால் வைக்கக் கூடாது, அது விதி. போன் போட்டேன், எடுக்கல."

"போன் ஓடையோட போயிடுச்சும்மா. அது இருக்கட்டும், யாரு வரக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு?"

"இன்ஸ்பெக்டருக்கு அனுமதி இல்லைன்னு." மேரன் கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள். நிவாரண இன்ஸ்பெக்டர் என்று போட்டிருந்தது. "நான் இன்ஸ்பெக்டர்தானே மேடம்?"

டெல்ஃபியா சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று சிரிப்பு நின்றது. அந்தத் தகடு அவளுக்காக வைத்தது. இத்தனை நாள் ஓபல் வைக்கோலில் படுத்திருந்தது தானும் தம்பியும் போட்ட சண்டையால்தான். "கிளம்பும்மா, என் பின்னாடியே வா" என்றாள்.

கேட்டுக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தினாள். உள்ளே போகவில்லை, மூன்று வருஷத்துச் சபதம். ஹாரனை அழுத்திப் பிடித்தாள். ஆர்லிஸ் கொட்டகையிலிருந்து வந்தான்.

"என்ன இன்ஸ்பெக்டரம்மா, பட்டையெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாக்க வந்தீங்களா?"

"டேய், அந்தப் பலகைய கழட்டு."

"செத்தாலும் யானைய எடுக்க மாட்டேன்."

"யானை நிக்கட்டும்டா, வேணும்னா புல்லு போட்டு வளத்துக்க. நான் சொல்றது இத." தகட்டை விரல் முட்டியால் தட்டினாள்.

"அது உனக்குப் போட்டது."

"என் பேரு போட்டிருக்கா அதுல?"

பின்னால் நின்ற மேரன் கூச்சத்தோடு தன் அட்டையை நீட்டினாள். "ஐயா, நானும் இன்ஸ்பெக்டருங்க."

ஆர்லிஸ் அட்டையைப் படித்தான். தகட்டைப் படித்தான். மறுபடி அட்டையைப் படித்தான். அவன் காது மடல் சிவந்தது. கொட்டகைக்குள்ளிருந்து ஓபலின் குரல் வந்தது, நடுவில் இருமலோடு. "அப்போ நம்ம கதவ நீயேதான் அடச்சு வச்சிருந்தியா? யானைய குத்தம் சொல்லிட்டு ஊரெல்லாம் திரிஞ்சியே, மனுஷா!"

அவன் போய் ஸ்பேனரைக் கொண்டுவந்தான். போல்ட் அசையவில்லை. இழுத்தான், தொங்கினான், எண்ணெய் விட்டான். டெல்ஃபியா இந்தப் பக்கமிருந்து கை கொடுத்தாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"எவன்டா இவ்வளவு இறுக்கிக் கட்டச் சொன்னது?" என்றாள் அவள்.

"நீதான்!"

மேரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கழட்டணும்னு இல்லீங்க. மறைச்சிட்டு, ஐயா வாயால உள்ள வான்னு சொன்னா போதும்" என்றாள். டெல்ஃபியா தன் கவுன்டி ஜாக்கெட்டைக் கழற்றி தகட்டின் மேல் மாட்டினாள். ஜாக்கெட்டின் முதுகில் கொட்டை எழுத்தில் இன்ஸ்பெக்டர் என்று இருந்தது. அனுமதி இல்லை மறைந்துபோய், இப்போது கேட்டில் இன்ஸ்பெக்டர் மட்டும் மிச்சம். ஆர்லிஸ் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு மேரனைப் பார்த்து, "உள்ள வாம்மா" என்றான்.

சாய்ந்த வீட்டை மேரன் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முற்றத்து வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். "இதெல்லாம் போகாம எப்படி நின்னுச்சு? கக்கூஸ் கூடவா?"

"டாங்க்க எங்க அக்கா கட்டச் சொன்னா" என்றான் ஆர்லிஸ் மெதுவாக. "மத்ததெல்லாம் நான் வீம்புக்குக் கட்டினது."

கேட்டுக்கு வெளியே, ஜாக்கெட் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்ற டெல்ஃபியாவுக்கு அது கேட்டது. முகத்தை ஓடைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது, அதை அந்தப் பயல் பார்த்துத் தொலைக்கக் கூடாது. அவளை உள்ளே வா என்று அவன் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை. ஜாக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

உதவி வந்தது. ஊர் கூடி வீட்டை நிமிர்த்தியது. யானைக்காரனும் கழுதைக்காரனும் ஒரே ஏணியில் ஏறி, ஒருத்தன் கட்சியை ஒருத்தன் திட்டிக்கொண்டே ஆணி அடித்தார்கள். புது விதிப்படி வீட்டை உயரமான தூண்கள் மேல் நிறுத்தவேண்டியிருந்தது. ஏறி இறங்க முழங்கால் போகுது என்று ஆர்லிஸ் அரசாங்கத்தை வாய் வலிக்க வைதான். முதல் பனி விழுமுன் எல்லாம் தயார். குடிபோவதற்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி. கவுன்டி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும்.

டெல்ஃபியா போய் கேட்டில் நின்றாள். ஜாக்கெட்டைக் காணோம். தகடு அதே இடத்தில், சிவப்புப் பெயின்ட் புதிதாகப் பூசி, இன்னும் பளிச்சென்று: இன்ஸ்பெக்டருக்கு அனுமதி இல்லை. திரும்பி ஜீப்பை நோக்கி ஓரடி வைத்தாள். அப்புறம்தான் அதன் அடியில், இடம் போதாமல் நெருக்கி நெருக்கி எழுதியிருந்த வரியைப் பார்த்தாள்: அக்காவுக்கு உண்டு.

இன்ஸ்பெக்டராகப் போனால் தகடு தடுக்கும். அக்காவாகப் போனால் வேலை நடக்காது. சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றி ஜீப்பில் வைத்துவிட்டு, கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே நடந்தாள். மேலே வாசலில் ஓபல் இருமல் இல்லாமல் சிரித்தபடி நின்றாள். அடுப்பில் பீன்ஸ் வாசனை. டெல்ஃபியா படி ஏறப் போனவள் நின்று, கைப்பிடியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள்.

"இது ஆடுதுடா."

மேலேயிருந்து ஆர்லிஸ் எட்டிப் பார்த்தான். அவளுடைய ஜாக்கெட்டை அவன்தான் போட்டிருந்தான். "இன்ஸ்பெக்டரா சொல்றியா, அக்காவா சொல்றியா?"

"அக்காவா சொல்றேன். இன்ஸ்பெக்டரா இருந்தா அபராதம் போட்டிருப்பேன்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடப் போனான்.