கலைமணி சொல்லாமல் விட்டது

மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டில் கலைமணியை ஆறு வருடமாக டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் இன்னும் டாக்டர் ஆகவில்லை. 2016-இல் அவள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த வாரமே மாமனார் கருப்பண்ணன் செம்மேட்டு டீக்கடையில் அப்படிச் சொல்ல ஆரம்பித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் இரண்டு வருடம் இனித்தது. அப்புறம் பஸ்ஸில் யாராவது, "டாக்டரம்மா, இன்னுமா படிக்கறீங்க?" என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மிளகுக்கொடியின் வாடல் நோய்தான் அவளுடைய ஆய்வு. மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகப் பாடம் நடத்திக்கொண்டு, பகுதிநேரமாக ஆய்வு செய்தாள். சனி, ஞாயிறுகளில் தோட்டம் தோட்டமாகப் போய் வேர் மண்ணைப் பொட்டலம் கட்டி வருவாள். கணவன் தனபால் பிக்கப் வண்டி ஓட்டுபவன். வண்டியில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே அந்தப் பொட்டலங்களையும் ஏற்றி இறக்குவான். ஆய்வில் அவளுக்கு ஒரு தடையும் வரவில்லை. தடையெல்லாம் காகிதத்தில் வந்தது.

நான்காவது வருடம் அவளுடைய கைடு ஓய்வு பெற்றார். கைடு மாற வேண்டுமென்றால் பழையவரிடம் தடையில்லாச் சான்று, புதியவரிடம் சம்மதக் கடிதம், புதியவரிடம் காலியிடம் இருக்கிறது என்று துறையின் சான்று, பிறகு ஆய்வுக்குழுவைத் திருத்தி அமைக்க ஒரு விண்ணப்பம். டி.சி. என்று எல்லோரும் சொல்லும் அந்தக் குழுவில் கைடோடு சேர்த்து மூன்று பேர். மூன்று பேரும் உட்கார்ந்து கையெழுத்துப் போடாமல் ஆய்வாளர் ஓர் அடி நகர முடியாது. கலைமணியின் குழுவில் ஒருவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அவருக்குப் பதிலாக வந்தவர் ஆறு மாதத்தில் விலகிக்கொண்டார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பைல் முதலிலிருந்து கிளம்பியது. பதினான்கு மாதம் அப்படியே போயிற்று. அந்தப் பதினான்கு மாதத்தில் பல்கலைக்கழகத்தின் விதிமுறைப் புத்தகம் அவளுக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம் ஆனது.

புதிய கைடு முருகானந்தம். அவரிடம்தான் பானுமதியும் இருந்தாள்.

பானுமதி அதே மலையில் பைல் நாடு என்ற பகுதிப் பெண். கலைமணியைவிட ஏழு வயது இளையவள். 2018-இல் முழுநேர ஆய்வாளராகச் சேர்ந்தாள். குச்சிக்கிழங்கின், அதாவது மரவள்ளியின், தேமல் நோய் அவள் தலைப்பு. சேர்ந்த நாளில் சாதிச் சான்றிதழின் நகலில் யார் சான்றொப்பம் போட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. கலைமணிதான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பச் சொல்லிக்கொடுத்தாள். "அக்கா இல்லீன்னா நான் முதல் நாளே மலையேறிருப்பேனுங்க" என்று பானுமதி எல்லோரிடமும் சொல்வாள்.

ஆனால் பானுமதியின் குழு குறித்த நாளில் கூடியது. அவள் குழுவில் யாரும் மாற்றலாகவில்லை, யாரும் ஓய்வு பெறவில்லை. கட்டுரைகள் இரண்டு அச்சில் வந்தன. துறையில் முருகானந்தம், "பானுமதியப் பாரும்மா, நாலு வருஷத்துல முடிக்கப் போறா" என்று கலைமணியிடமே சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. அன்று மலையேறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு கலைமணிக்கு அந்த வார்த்தைதான் காதில் ஓடியது. வீட்டுக்கு வந்து குழம்பைக் கரிய விட்டாள்.

"என்ன புள்ள, யார் மேல கோவம்?" என்றான் தனபால்.

"யார் மேலயும் இல்லீங்க."

யார் மேலே என்று அவளுக்குத் தெரியும். பானுமதியின் சிரிப்பு, அவளுடைய நீல நிறப் பைல், அவளுக்குக் கல்யாணம் ஆகாதது, காலையில் யாருக்கும் சோறு கட்டாமல் கிளம்ப முடிவது, எல்லாவற்றின் மேலும் அவளுக்கு எரிச்சல் இருந்தது. பானுமதி ஏதாவது ஒரு நாள் தவறு செய்வாள் என்று காத்திருந்தாள். பானுமதி தவறே செய்யவில்லை.

2022 ஆகஸ்டு கடைசியில் பானுமதியின் குழு கூடி, ஆய்வேட்டுச் சுருக்கத்தை ஒப்புக்கொண்டு, படிவத்தில் மூவரும் கையெழுத்திட்டார்கள். அதை ஆராய்ச்சிப் பிரிவில் கொடுத்தால் அடுத்தது ஆய்வேடுதான். மறுநாளே அவளுக்குக் கடுமையான காய்ச்சல். கலைமணிக்கு அந்த வாரம் ஆறு வருடம் முடிகிறது. கால நீட்டிப்பு விண்ணப்பம் கொடுக்க அவள் போக வேண்டியிருந்தது. பானுமதி போன் செய்தாள்.

"அக்கா, எம் படிவத்தையும் சேத்துக் குடுத்துருவீங்களா? எந்திரிக்க முடியலீங்க."

"அதுக்கென்ன கண்ணு, குடுத்துர்றேன்" என்றாள் கலைமணி.

பிரிவில் எழுத்தர் அர்த்தனாரி உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது பழைய படிவமுங்க. போன வாரம் சுற்றறிக்கை வந்திருச்சு, பலகைல ஒட்டியிருக்குது பாருங்க. புதுப் படிவத்துல நூலகர் கையெழுத்தும் வேணும், குழு மூணு பேரும் அதுலதான் போடோணும். நான் வாங்கி வரவு வெச்சுக்கறேன். ஆனா மேல போயித் திரும்பி வந்திரும். அந்தப் புள்ளகிட்டச் சொல்லீருங்க, சீக்கிரமா மாத்திக் குடுத்துரட்டும்."

"சொல்லீர்றேனுங்க" என்றாள்.

பலகையில் ஒட்டியிருந்ததை நின்று படித்தாள். கீழே அடுக்கி வைத்திருந்த புதுப் படிவத்தில் ஒன்றை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தாள். பானுமதிக்காகத்தான் எடுத்தாள். அது உண்மை. பானுமதியின் குழுவில் இருந்த வெளி உறுப்பினர் செப்டம்பர் பத்தாம் தேதி ஆறு மாதத்துக்கு வெளிநாடு போகிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். பத்து நாளுக்குமேல் இருந்தது. மூன்று கையெழுத்துக்கு அது போதும்.

திரும்பும் வழியில் பேளுக்குறிச்சியில் பஸ் நின்றபோது பானுமதியின் போன் வந்தது.

"குடுத்தாச்சுங்களா அக்கா? ஒண்ணும் சொல்லலீங்களே?"

சந்தைக் கூட்டம் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தது. கலைமணி கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"குடுத்தாச்சு. வாங்கிக்கிட்டாங்க" என்றாள்.

பொய் என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. நாளைக்குச் சொல்லலாம், காய்ச்சல் விடட்டும் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள், அதற்கு மறுநாள் என்று பத்தாம் தேதியும் வந்து போயிற்று. அதன் பிறகு சொன்னால், ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அதனால் சொல்ல முடியாமலே போனது. அந்த நாட்களில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதிகூட இருந்தது. பானுமதிக்கும் ஒரு முறை பைல் திரும்பி வரட்டுமே, அந்த வலி என்னவென்று தெரியட்டுமே என்று.

நவம்பரில் படிவம் திரும்பி வந்தது. குழு மறுபடி கூட வேண்டும். வெளி உறுப்பினர் மார்ச்சில்தான் ஊர் திரும்புவார். ஆளை மாற்றலாம் என்றால் அதற்கு எத்தனை மாதம் என்று கலைமணியைவிட யாருக்குத் தெரியும்? இவ்வளவும் அவள் கணக்குப் போட்டு வைத்திருந்ததுதான். கணக்கில் வராத ஒன்று டிசம்பரில் வந்தது. தர்மபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஆய்வேடு சமர்ப்பித்ததற்கான சான்று இருந்தால் விண்ணப்பிக்கலாம். பானுமதியிடம் சான்று இல்லை.

"படிவம் மட்டும் சரியா இருந்திருந்தா இந்நேரம் ஆய்வேட்டக் குடுத்திருப்பா. அந்த வேலை அவளுக்கேதான்" என்று முருகானந்தம் வருத்தப்பட்டார்.

அன்று மாலை கலைமணி தனபாலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வண்டிச் சாவியைக் கையில் சுழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? ஞாயித்துக்கெழமை வண்டி சும்மாதான் நிக்குது. பைல் நாட்டுக்குப் போலாம்" என்றான்.

பானுமதியின் அம்மா சென்னம்மாள் வாசலில் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். "வாங்க சாமி, ஊட்டுக்குள்ள வாங்க" என்று எழுந்து பாய் விரித்தாள். தனபால் வண்டியிலேயே இருந்துகொண்டான். கலைமணி உட்காரவில்லை. பானுமதியைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய் நின்றுகொண்டே சொன்னாள். பாதியிலேயே பானுமதி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியுமுங்க."

"எப்படி?"

"நவம்பர்லயே அர்த்தனாரி சாரப் போய்ப் பாத்தேன். 'உங்க அக்காகிட்டச் சொல்லி அனுப்புனேனேம்மா'ன்னாரு."

"அப்பறம் ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டா நீங்க ஒரு பொய் சொல்லுவீங்க. அத நம்பற மாதிரி நான் நடிக்கோணும். அதுக்கெல்லாம் எங்கிட்டத் தெம்பு இல்லீங்க." குரல் உயரவில்லை. "ஏனுங்கக்கா, நான் உங்களுக்கு என்ன பண்ணுனேன்?"

"ஒண்ணும் பண்ணல. நீ முன்னால போன. அவ்வளவுதான். என்னால பாக்க முடியல."

பானுமதி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லோணுமா? இன்னிக்கு என்னால சொல்ல முடியாதுங்க" என்றாள்.

"சொல்ல வேண்டாம். ஒரு வழி இருக்குது. அதையும் உங்கிட்டச் சொல்லாமத்தான் வெச்சிருந்தேன்."

கொரோனா சமயத்தில், 2020-இல், ஆய்வுக்குழு காணொளியில் கூடலாம், வெளியூரில் இருக்கும் உறுப்பினர் கையெழுத்தை மின்னஞ்சலில் அனுப்பலாம், கைடு அதற்குப் பொறுப்பேற்றால் போதும் என்று ஓர் உத்தரவு வந்திருந்தது. கலைமணியின் கூட்டம் ஒன்று அப்படித்தான் நடந்தது. நோய்க்காலம் போனதும் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். ஆனால் அதை யாரும் ரத்து செய்யவில்லை.

மறுநாள் இருவரும் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போனார்கள். பஸ்ஸில் ஒரே இருக்கையில் உட்கார்ந்தும் பானுமதி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். அர்த்தனாரி தலையை ஆட்டினார்.

"அது கொரோனாவுக்குப் போட்ட ரூலுங்க. இப்பச் செல்லாது."

"செல்லாதுன்னு உத்தரவு வந்திருக்குதுங்களா?"

"உத்தரவு... வந்திருக்கும்."

"எந்தத் தேதீங்க? காட்டுங்க, நாங்க போயிர்றோம்."

அவர் அலமாரியில் அரை மணி நேரம் தேடினார். 2020-ஆம் வருட உத்தரவு கிடைத்தது. அதை ரத்து செய்த உத்தரவு கிடைக்கவில்லை. கண்காணிப்பாளரைப் பார்க்கச் சொன்னார். கண்காணிப்பாளர் துணைப்பதிவாளரைப் பார்க்கச் சொன்னார். துணைப்பதிவாளர் சாப்பிடப் போயிருந்தார். மூன்று மணிவரை வராந்தாவில் நின்றார்கள். அவர் வந்ததும் கலைமணி உத்தரவு எண், தேதி, பிரிவு எல்லாவற்றையும் காகிதம் பார்க்காமல் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீங்க எந்த ஆபீஸ்ல வேலை பாக்கறீங்க?"

"நானும் ஆய்வாளர்தானுங்க. ஏழாவது வருஷம்."

அவர் சிரித்துவிட்டு, 'அனுமதிக்கலாம்' என்று பச்சை மையில் எழுதினார்.

ஜனவரியில் கணினித் திரையில் குழு கூடியது. புதுப் படிவம் போனது, ஏப்ரலில் ஆய்வேடு போனது. அந்த வேலை மட்டும் திரும்பி வரவில்லை. அதை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். அதற்குக் கலைமணியிடம் எந்த விதியும் இல்லை.

2024 தொடக்கத்தில் பானுமதியின் வாய்மொழித் தேர்வு. சென்னம்மாள் முன் வரிசையில் புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். பானுமதி எல்லாக் கேள்விக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னாள். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று தேர்வாளர் வாசித்ததும் அரங்கம் கைதட்டியது. கலைமணியும் தட்டினாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சந்தோஷம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். மேடையில் நின்று பானுமதி நன்றி சொன்னபோது கலைமணியின் பெயரும் வந்தது. "விதி தெரிஞ்சவங்க" என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு சொன்னதே அதிகம் என்று கலைமணிக்குத் தோன்றியது.

அவளுடைய முறை 2025 ஆகஸ்டில் வந்தது. ஒன்பது வருடம். பானுமதிக்கு அதற்குள் ஊட்டிப் பக்கம் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. தேர்வுக்கு வர விடுப்புக் கிடைக்கவில்லை. மாலையில் போன் செய்தாள்.

"முடிஞ்சிருச்சுங்களா அக்கா?"

"முடிஞ்சிருச்சு கண்ணு."

"ரொம்ப நேரம் நிக்க வெச்சாங்களா?"

"ரெண்டு மணி நேரம். உங்கிட்டக் கேட்டதவிடக் கஷ்டமாக் கேட்டாங்க" என்றாள் கலைமணி. பானுமதி அந்தப் பக்கம் சத்தமாகச் சிரித்தாள். பைல் நாட்டில் பேசிய நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கலைமணி இப்போதுதான் கேட்கிறாள்.

கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசினார்கள். கடைசியில், கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கலைமணி கேட்டாள்.

"அங்க தங்கறதுக்கு எப்படி?"

"குவார்ட்டர்ஸ் குடுத்திருக்காங்க அக்கா. ரெண்டு ரூமு. ஜன்னலத் தொறந்தா தேயிலைத் தோட்டம்."

போனை வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள். தனபால் அவள் முகத்தைப் பார்த்தான்.

"இன்னிக்கு என்ன புள்ள? நீதான் பட்டம் வாங்கிட்டயே."

"அவளுக்குக் குவார்ட்டர்ஸ் குடுத்திருக்காங்களாமுங்க" என்றாள் கலைமணி. சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. தனபால் வண்டியைக் கிளப்பினான்.