மலையில் நீட்டிய அடையாள அட்டை

கனடாவுக்கு வந்த மறுவருடம் இலையுதிர் காலத்தில், பார்க்டேலில் என்னுடன் அறையில் இருந்த செல்வம் அண்ணையோடு ரொறன்ரோவுக்கு வடக்கே மலையேறப் போனேன். பாதி வழியில் வெடிச்சத்தம் கேட்டது. தலைக்கு மேலே கிளை சிதறி என் கன்னத்தைக் கிழித்தது. பச்சை உடுப்பும் துவக்குமாக ஒரு வெள்ளைக்காரர் கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"இஞ்சையுமோ அண்ணை?"

"கதையாதை, ஐசியை எடு!"

ஊரில் சோதனைச் சாவடிகளில் ஆமிக்காரருக்கு முன்னால் நின்ற பழக்கத்தில், இருவரும் முழந்தாளிட்டு அடையாள அட்டையை நீட்டினோம். அவரோ என் மண்ணிறக் கோட்டை மானென்று நினைத்துச் சுட்ட வேட்டைக்காரர். என்ன செய்வதென்று தெரியாமல் அழுதுகொண்டே தானும் முழந்தாளிட்டு, தன் வேட்டை அனுமதி அட்டையை நீட்டினார். அண்ணை அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

இப்போது காட்டுப் பக்கம் போனால் தொப்பி முதல் கோட்டு வரை பளிச்சென்ற செம்மஞ்சள்தான். பிள்ளைகள் வெட்கப்பட்டுத் தள்ளி நடக்கட்டும், நான் கழற்றமாட்டேன்.