"ஸ்டேபிள்னா இன்னாண்ணே?"

நாலு வருடத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதம். தேனாம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ. வாசலில் நான் செக்யூரிட்டி. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறேன்.

அந்தக் கதவுக்கு வெளியே நிற்பவனுக்கு மதிப்பு அதிகம். காலையில் டாக்டரம்மா வெளியே வந்து, காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போய்விடுவார். பாதி ஆங்கிலமாக இருக்கும். அவர் லிஃப்ட் ஏறியதும் எல்லோரும் என்னிடம் வருவார்கள். நான் பத்தாவது ஃபெயில். ஆனால் எந்த வார்த்தையைக் கேட்டு யார் அழுதார்கள், யாருக்கு முகம் தெளிந்தது என்று பார்த்துப் பார்த்தே ஆங்கிலம் கற்றவன். 'கிரிட்டிகல்' என்றால் ஊரிலிருந்து ஆட்கள் வந்து இறங்குவார்கள். 'ஸ்டேபிள்' என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் ஸ்டேபிள் என்றால் பிழைத்துக்கொண்டார் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். ஆயாம்மாக்கள் என்னை 'அரை டாக்டர்' என்பார்கள். எனக்கு அது கிண்டலாகவே பட்டதில்லை.

அப்போது ஆறாம் பெட்டில் ஓர் அம்மா இருந்தார். மூளையில் ரத்தக் கசிவு, ஐந்து நாளாக மெஷின் மூலம்தான் மூச்சு. அவருடைய மகனுக்கு நாற்பது வயது இருக்கும், ஷார்ஜாவில் டிரைவர். அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை அரசாங்கம் இடித்துவிட்டு ஊருக்கு வெளியே குடிவைத்த குடும்பம். அவர் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. லீவில் வந்த இடத்தில் இப்படி ஆகிவிட்டது. ஒருமுறை டிக்கெட்டைத் தள்ளிப்போட்டாயிற்று. அன்று மாலை விமானத்தில் கிளம்பாவிட்டால் வேலை கிடையாது என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டாராம்.

டாக்டரம்மா பேசிவிட்டுப் போனதும் அவர் நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, டாக்டரம்மா ஸ்டேபிள்னு சொல்லிக்கினு போச்சு. ஸ்டேபிள்னா இன்னாண்ணே? நான் கெளம்பலாமா?"

"இது தெரியாதா நைனா? ஆபத்து தாண்டிடுச்சின்னு அர்த்தம். தைரியமா போய்ட்டு வா. உன் தங்கச்சிதான் கூட கீதே."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தங்கையிடம் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கீழே போனார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து நர்ஸ் சிஸ்டர் வந்தார். என் வாய் சும்மா இருக்குமா? ஆறாம் பெட் அம்மாவின் மகனுக்கு நான்தான் தைரியம் சொல்லி விமானத்துக்கு அனுப்பிவைத்தேன் என்று பீற்றிக்கொண்டேன். சிஸ்டர் முகம் மாறிவிட்டது.

"உங்கள யாருண்ணா சொல்லச் சொன்னது? ஸ்டேபிள்னா நேத்து இருந்த மாதிரியே இன்னிக்கும் இருக்காங்க, மோசமாகலன்னுதான் அர்த்தம். நல்லாயிட்டாங்கன்னு இல்ல. நாளைக்கு எப்படின்னு டாக்டருக்கே தெரியாது."

இத்தனை வருடத்தில் எத்தனை பேரை இப்படி அனுப்பி வைத்தேனோ, அது எனக்கே தெரியாது. ரெஜிஸ்டரில் எழுதியிருந்த அவர் நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. கதவை விட்டு நகரக் கூடாது என்பது ரூல். ஆயாம்மாவை நிற்கச் சொல்லிவிட்டுப் படியில் ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் பையை வைத்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தார். "இன்னா பெர்சு, நீயும் ஏர்போர்ட்டுக்கு வர்றியா?" என்றார் ஆட்டோக்காரர்.

"நைனா, நான் சொன்னது தப்பு" என்றேன், மூச்சு வாங்க. "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். உங்கம்மா அப்படியேதான் கீறாங்க. ஆபத்து தாண்டல. போறதா இருந்தா தெரிஞ்சிக்கினு போ."

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

விமானம் போனது, ஷார்ஜா வேலையும் போனது. மூன்றாம் நாள் தானாக மூச்சு வந்ததால் மெஷினை எடுத்தார்கள். மதியம் அந்த அம்மா கண் விழித்தார். மகனைப் பார்த்து முதலில் கேட்டது, "நீ இன்னும் போவலியா?" என்றுதானாம். "போவலம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர், என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன், யூனிஃபார்மோடு. அதற்குப் பிறகு அந்த அம்மா இருந்தது இரண்டே நாள். அந்த இரண்டு நாளும் மகன் கூடவே இருந்தார். இப்போது தரமணியில் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். நல்ல நாள் வந்தால் முதல் போன் எனக்குத்தான்.

டியூட்டி இடத்தை விட்டுப் போனதற்கு சூப்பர்வைசர் எனக்கு மெமோ கொடுத்தார். என் சர்வீஸில் வாங்கிய ஒரே மெமோ. வீட்டுக்காரி அதைக் கிழிக்கப் போனாள், நான் விடவில்லை. மகளின் டிகிரி சர்டிஃபிகேட் இருக்கிற ஃபைலில்தான் அதையும் வைத்திருக்கிறேன்.

இப்போதும் டாக்டரம்மா லிஃப்ட் ஏறியதும் என்னிடம்தான் வருகிறார்கள். "எனக்குத் தெரியாதுங்க, வாங்க, சிஸ்டரையே கேட்டுடலாம்" என்று கதவைத் தட்டுகிறேன். அரை டாக்டர் பட்டம் போயே போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு முறை 'தெரியாது' என்று சொல்லும்போதும் எனக்கு வருகிற பெருமை, எல்லாம் தெரிந்தவனாக நின்ற காலத்தில் ஒருநாளும் வந்ததில்லை.