வர்றேன் என்று சொன்ன பத்திரம் அண்ணி

என் நாத்தனாருக்கு வேலை இடத்தில் வைத்த பெயர் பத்திரம். கண்ணாடிப் பாத்திரக் கிடங்கில் பெட்டி கட்டுகிற வேலை அவருக்கு. ஒவ்வொரு தம்ளரையும் பழைய செய்தித்தாளில் சுருட்டுவார், இடுக்கிலெல்லாம் கசக்கிய தாளைத் திணிப்பார், பெட்டியைக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். லேசாகச் சத்தம் கேட்டாலும் பிரித்துத் திரும்பக் கட்டுவார். அப்புறம்தான் மேலே 'உடையும், பத்திரம்' என்ற சிவப்புச் சீட்டை ஒட்டுவார். "பாத்திரக் கிடங்குல ஒரு பத்திரம்" என்று எவனோ ஒரு லாரிக்காரன் சொல்லப்போக, அதுவே நிலைத்துவிட்டது.

வீட்டிலும் அதே பாட்டுத்தான். குப்பை கொட்ட நான் கீழே போனால் "பத்திரம்". பால் வாங்க என் வீட்டுக்காரர் போனால் "பத்திரம்டா தம்பி". நாங்கள் இருப்பது ஆறாவது மாடி. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்டையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கூடப்பிறந்த தம்பி கை வைத்த லிஃப்டில் அண்ணி ஏறியதே கிடையாது. "உன் மேல நம்பிக்கை இருக்குடா. அந்தக் கம்பி மேலதான் இல்ல" என்பார். காய்கறிப் பையோடு ஆறு மாடியும் படியேறித்தான் வருவார்.

யாராவது வரக் கொஞ்சம் தாமதமானால் போச்சு. சமையலறை ஜன்னலில் பஸ் நிறுத்தம் தெரியும். அங்கே போய் நின்றுகொள்வார். சாப்பாட்டைத் தொடமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீங்க சாப்பிடாம இருந்தா பஸ் சீக்கிரம் வந்துடுமா அண்ணி?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "உனக்குத் தெரியாதும்மா" என்பார்.

தெரியாமல் என்ன? எல்லாம் தெரியும். அவருடைய கணவர் ஒரு நாள் காலையில் "வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வரவில்லை. அண்ணி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார், போலீஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்தார், எந்த வண்டியில் அடிபட்டுக் கிடக்கிறாரோ என்று சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். கடைசியில் பார்த்தால் அந்த மகராசனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இன்னொருத்தியோடு இன்னோர் ஊரில் குடித்தனம். கட்டையில போறவன். அவன் நன்றாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டபோது அண்ணி என்ன சொன்னார் தெரியுமா? "அப்பாடா, அடி ஒண்ணும் படலியே." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அதற்கப்புறம்தான் எங்களோடு வந்து இருக்கிறார்.

இனி மலைக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு மலை. அதன் முதுகு மேலேயே நடந்து உச்சிக்குப் போகிற பாதை இருக்கிறது. இரண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம். ஓரிடத்தில் பாறையில் அடித்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் தாண்ட வேண்டும். கூட்டம் போனால் பாறை தாங்காது என்று ஒரு நாளைக்குக் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள். அதுவும் குலுக்கலில் பெயர் விழுந்தால்தான். தனியாகப் போகக்கூடாது, இரண்டு பேராகத்தான் பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்த பெயரை மாற்றவே முடியாது. இரண்டு பேரில் ஒருவர் மலையடிவார வாசலுக்கு வராவிட்டாலும் இருவரின் அனுமதியும் ரத்து.

வருஷா வருஷம் அவரும் நானும் பெயர் கொடுப்போம். வருஷா வருஷம் 'மன்னிக்கவும்' என்று செய்தி வரும். அவர் அன்றைக்கு மட்டும் டிவி பார்க்கமாட்டார், மறுநாள் சரியாகிவிடுவார். இந்த வருஷம் பெயர் கொடுக்கிற சமயம் பார்த்து நான் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டேன். "ஈரம், பத்திரம்" என்று அண்ணி சொல்லி வாய் மூடவில்லை, நான் தரையில் கிடந்தேன். மலை, மேடு எதுவும் இந்த வருஷம் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பெயர் கொடுக்கக் கடைசி நாள். இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அண்ணி வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டி, கதவைத் திறந்துகொண்டு நிற்கிறார்.

"அக்கா, மலைக்கு நீ வர்றியா?"

"வர்றேன்" என்றார் அண்ணி. கதவு சாத்திக்கொண்டது. படியிறங்குகிற சத்தம் கேட்டது.

மாவுக்கட்டுக் காலை நாற்காலி மேல் வைத்துக்கொண்டு நான் சிரித்தேன் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. "ஏங்க, அவங்க போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போறாங்க. நீங்க கேட்டது காதுலயே விழலை" என்றேன். அதற்குள் இவர் பெயரைத் தட்டி அனுப்பிவிட்டார். "போனாப் போகுது, எப்படியும் விழப்போறதில்லை" என்றார்.

விழுந்தது.

என் பெயர் போட்ட வருஷமெல்லாம் விழாத குலுக்கல், என் பெயர் இல்லாத வருஷம் பார்த்து விழுந்தது. எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. இவர் போனைப் பிடித்துக்கொண்டு கல்லாய் நிற்கிறார், முகத்தில் ஈயாடவில்லை. சாயங்காலம் அண்ணி வந்ததும் நான்தான் குட்டை உடைத்தேன்.

"அண்ணி, உங்க தம்பி பண்ணின காரியத்தப் பாருங்க. நீங்க வாசல்ல நின்னு வர்றேன்னு சொன்னீங்கல்ல, அதை மலைக்கு வர்றேன்னு நெனச்சு பேரக் குடுத்துட்டாரு. இப்ப குலுக்கல்ல விழுந்துருச்சு!"

சொல்லிவிட்டு மறுபடி சிரித்தேன். இவரும் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாட்டமாட்டாத அண்ணி, சங்கிலியைப் பிடித்துப் பாறை ஏறுவதாம்! கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான்.

அண்ணி சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்தார். "எப்பப் போகணும்?" என்று மட்டும் கேட்டார்.

"வேணாம்க்கா, விடு. ரத்தானா ஆகட்டும்" என்றார் இவர். சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது. அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும், அண்ணிக்கும் தெரியும்.

"பேர் குடுத்தாச்சுல்ல? போகலாம்."

தம்பிக்காக அக்கா உயிரைக் கொடுக்கத் துணிந்துவிட்டார் என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டோம். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. அண்ணி கேட்கிற கேள்விகள் இன்னும் மோசம். "சங்கிலி துருப்பிடிச்சிருந்தா?" "பாதி வழியில மழை வந்தா?" "எதிர்ல ஆள் வந்தா எங்க ஒதுங்குறது?" இவர் பொறுமையாகப் பதில் சொல்வார். நான் உள்ளே போய்ப் பாத்திரங்களை டமால் டமால் என்று போட்டு உருட்டுவேன். பயந்து நடுங்குகிற பொம்பளையை ஒரு வாய்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் போவதா? ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? ஆனால் இவரைப் போகாதீர்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ஒரு நாள் துணி எடுக்க பால்கனிக்குப் போனேன். அங்கே அண்ணி. வந்து இத்தனை வருஷத்தில் அந்தக் கம்பிப் பக்கம் போகாதவர், இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்து நிற்கிறார். கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்குகின்றன. எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"ஐயோ அண்ணி, என்ன பண்றீங்க!"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா பாத்தேன்" என்றார். முகமெல்லாம் வியர்வை. மறுநாளும் நின்றார். அதற்கு அடுத்த நாளும் நின்றார். நான் இவரிடம் சண்டை போட்டேன். "உங்க ஆசைக்கு அவங்கள பலி குடுக்காதீங்க" என்று கத்தினேன்.  அவர் மறுபடி அக்காவிடம் போய்க் கேட்டார், அக்கா மறுபடி "போகலாம்" என்றார்.

அந்த நாள் வந்தது. மலை வாசல்வரை நானும் போனேன். காலில் கட்டு பிரித்தாயிற்று, ஆனாலும் நொண்டல் இருந்தது. காலை வெயில் வந்துவிட்டது. மரக் கதவு, பக்கத்தில் ஒரு சின்ன அறை, எதிரே நீள பெஞ்சும் ஒரு டீக்கடையும். மேலே மலை முதுகு பாதி மேகத்துக்குள் இருந்தது. அண்ணி புது ஷூ போட்டிருந்தார். தலையில் ஊதாத் துண்டு. உதடு வெளுத்திருந்தது.

காவலர் ஒரு பெண்மணி. அடையாள அட்டைகளைப் பார்த்தார், முகங்களைப் பார்த்தார். அண்ணியிடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தினார்.

"அம்மா, நீங்க சொந்த விருப்பத்துலதான் வர்றீங்களா? கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. போன வாரம் ஒரு மகன் அவங்க அம்மாவ இழுத்துட்டு வந்துட்டாரு. பாதி வழியில அவங்க ஒரே அழுகை. விருப்பமில்லன்னா இப்பவே சொல்லிடுங்க, ரெண்டு பேரையும் திருப்பி அனுப்பிடுறேன்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.  இல்லை என்று சொல்லிவிடுங்கள் அண்ணி என்று ஒரு மனசு சொன்னது. ஐயோ, சொல்லிவிடாதீர்கள் என்று இன்னொரு மனசு. நான் இவர் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"விருப்பமில்லாம என்ன?" என்றார் அண்ணி. "அன்னிக்குக் கதவுகிட்ட நிக்கறப்ப கேட்டான். வர்றேன்னு சொன்னேன்."

"அக்கா, அது நீ வேலைக்குக் கிளம்புறப்ப..."

"காது நல்லாத்தான்டா கேக்குது எனக்கு. மலைக்கு வர்றியான்னு கேட்டே, வர்றேன்னேன். சாயங்காலம் வந்தா ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க. நான் என்னத்தச் சொல்ல?" அண்ணியின் குரல் நடுங்கியது. "ஒருத்தரும் என்னை இதுவரைக்கும் எங்கயும் வர்றியான்னு கேட்டதில்ல. நீதான் கேட்டே."

காவலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு நன்றாக விளங்கியது. வெட்கத்தில் முகம் எரிந்தது. ஒரே வீட்டில் இத்தனை வருஷம், ஒரு சினிமாவுக்குக்கூட அவரைக் கூப்பிட்டதில்லை. அவர் எங்கே வரப்போகிறார் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

கதவு திறந்தது. இவர் முன்னால் போனார். அண்ணி இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"வர்றேம்மா" என்றார்.

"பத்திரம் அண்ணி" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

பெஞ்சில் உட்கார்ந்தேன். போனில் சிக்னல் இல்லை. மேகம் மலையை முழுசாக மூடியது, விலகியது, திரும்ப மூடியது. மத்தியானம் தாண்டி ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரையும் மறித்துக் கேட்டேன். "ஊதாத் துண்டு கட்டின ஒரு அம்மா, கூட அவங்க தம்பி, பாத்தீங்களா?" ஒரு பையன் பார்க்கவில்லை என்றான். இன்னொருவர், "சங்கிலிகிட்ட ஒரு அம்மா பாறையக் கட்டிப் புடிச்சு உக்காந்திருந்தாங்க. நாங்க தாண்டி வந்துட்டோம்" என்றார்.

"ஊதாத் துண்டா?"

"கவனிக்கலையே."

அதற்கப்புறம் எனக்கு உட்கார முடியவில்லை. கதவுக்கும் டீக்கடைக்கும் நொண்டி நொண்டி நடந்தேன். தூறல் விழுந்தது. அண்ணி கேட்ட கேள்வியெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. துருப்பிடிச்சிருந்தா? மழை வந்தா? சரியான கேள்விகள், நான்தான் கிறுக்கச்சி. டீக்கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டு, "உக்காருங்கம்மா, வந்துடுவாங்க" என்றார். "உங்களுக்குத் தெரியாதுங்க" என்று எரிந்து விழுந்தேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது.

காவலர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மேலே பார்த்தார். இன்னும் இரண்டு பேர் பாக்கி என்றார். நான் மரக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் சத்தம்தான் கேட்டது. "பத்திரம்டா, வழுக்குது, வலது பக்கமா வை." வளைவில் ஊதாத் துண்டு தெரிந்தது. முழங்காலெல்லாம் சேறு, உள்ளங்கைகள் சிவந்து கன்றியிருந்தன. பின்னால் இவர். சிறுபிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"சங்கிலிகிட்ட ரொம்ப நேரம் உக்காந்துட்டாடி. திரும்பிடலாம்க்கான்னேன். கால் நடுக்கம் நிக்கட்டும்டா, அப்புறம் போகலாம்னா. உச்சி வரைக்கும் போயிட்டோம்!"

அண்ணி கதவைத் தாண்டி என்னிடம் வந்தார். "வந்துட்டேம்மா" என்றார்.

வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போன ஓர் ஆள் திரும்பி வந்து அதைச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் எத்தனை நாள் ஜன்னலில் நின்றாரோ. நான் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். சேறெல்லாம் என் மேல் ஒட்டியது.

என் தோளுக்கு மேலே அண்ணி பெஞ்சைப் பார்த்திருக்கிறார். காலையில் அவர் எனக்குக் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பா அங்கே திறக்காமல் அப்படியே இருந்தது.

"ஏம்மா," என்றார், "நீ சாப்பிடாம இருந்தா நாங்க சீக்கிரம் இறங்கிடுவோமா?"