கணக்கில் வராத உப்பு

எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. மலாக்காவில் காஜா பெராங் பகுதியிலுள்ள என் வீட்டிலிருந்து அலுவலகம் வரை நாற்பத்தொரு மின்கம்பங்கள். அப்படிப்பட்ட நானே ஒருமுறை கணக்கில் கோட்டை விட்டேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம். அரசாங்க எழுத்தர் வேலை நிரந்தரமாவதற்கு டாக்டரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கல்யாணமாகி ஏழு மாதம். மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. அந்தக் கையெழுத்து கிடைக்காவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது.

ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், யாரையும் "ஐசே" என்றுதான் கூப்பிடுவார். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார், பாதரசத்தைப் பார்த்தார், மறுபடியும் அடித்தார்.

"ஐசே, நூற்று அறுபத்தாறு நிக்குது. இருபத்தெட்டு வயசிலே இது கூடாது. உப்பு நிறையச் சாப்பிடுவீரோ?"

உடம்பில் உப்பு கூடினால் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தின் அளவு பெருகும், ஆனால் குழாய் அதே குழாய்தான் என்று விளக்கினார். உள்ளிருந்து நெருக்க நெருக்க, குழாயின் சுவர்கள் நாளடைவில் விறைத்துப்போகுமாம்.

"உப்பைக் குறையும். நாலு கிழமையிலே இறங்கினால் கையெழுத்து வைப்பன்."

நாலு வாரக் கெடுவோடு வீட்டுக்கு வந்ததும் உப்பு ஜாடியை என் மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். சோற்றில் உப்பில்லை, குழம்பில் இல்லை, கருவாட்டுக்குத் தடை. மனைவி கம்போங் செட்டிக்காரி, தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்கா செட்டிகளின் குடியிருப்பு அது. அவள் தமிழ் அரைவாசி, என் மலாய் முக்கால்வாசி. சண்டை போட அது தாராளம்.

"இது சோறா, சுண்ணாம்புக் கட்டியா? நான் எப்படிலா சாப்பிட?" என்பாள்.

எனக்கும் இறங்கவில்லை. அதனால் அவள் அம்மா போத்தலில் போட்டுத் தந்த சின்சாலோக்கைத் தொட்டுக்கொண்டேன். புளித்த குட்டி இறால். எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்தால் சப்பைச் சோறும் ஓடிவிடும். வேளைக்கு மூன்று கரண்டி, நாளுக்கு ஆறு.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் பார்த்தார். நூற்று அறுபத்தெட்டு. அன்றிரவு நான் தூங்கவில்லை. என் நாடியை நானே பதினொரு முறை எண்ணினேன்.

மறுநாள் ஞாயிறு. மாமியார் வீட்டுப் பின்கட்டில் சின்சாலோக் போட்டுக்கொண்டிருந்தார்கள். பச்சை இறாலின் மேல் மாமியார் கிண்ணம் கிண்ணமாக வெள்ளையாக எதையோ கொட்டினார். பழக்கதோஷத்தில் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில்தான் வாய் திறந்தது.

"அது என்ன?"

"உப்புலா! வேற என்ன, சீனியா?" என்றாள் மனைவி.

"இதிலா? நான் சாப்பிடுறதிலயா?"

"உப்பு போடலைன்னா அழுகிடும். தெரிஞ்சுதான் தொட்டுக்கிறீங்கன்னு இருந்தேன். கடல் இறால்னா தானாவே உப்பா இருக்கும்னு நெனச்சீங்களா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். எஸ்டேட்டில் பிறந்தவனுக்கு அந்தப் போத்தலின் உள்விவகாரம் எப்படித் தெரியும்? மனைவி தன் அம்மாவிடம் மலாயில் ஏதோ சொன்னாள். மாமியார் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"மருமகன் ஜாடிய பூட்டினார், போத்தல விட்டார்!"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பதினான்கு நாளை ஆறால் பெருக்கி எண்பத்து நான்கு கரண்டி என்று கணக்கு வந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நிம்மதிச் சிரிப்பு. உடம்பு கெட்டுப்போகவில்லை, கணக்குத்தான் கெட்டிருந்தது.

அடுத்த இரண்டு வாரமும் போத்தலைத் தொடவில்லை. வெங்காயம், எலுமிச்சை, சுட்ட மிளகாய், அவ்வளவுதான். எனக்குத் துணையாக அவளும் அதையே சாப்பிட்டாள், திட்டிக்கொண்டே.

கடைசி நாள் டாக்டர் இரண்டு முறை அளந்தார்.

"நூற்று முப்பத்தாறு. என்ன ஐசே செய்தீர்?"

உண்மையைச் சொன்னேன். பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். அந்தப் பேனா மறுபடி திறக்கும்வரை எனக்கு உயிரில்லை. திறந்தது, கையெழுத்து விழுந்தது.

வெளியே நடைபாதை பெஞ்சில் மனைவி காத்திருந்தாள்.

"எத்தனை?"

"நூற்று முப்பத்தாறு."

"அது பாஸா, பெயிலா?"

"பாஸ்."

அவள் போட்ட சத்தத்தில் ஒரு நர்ஸ் ஓடிவந்து, "இங்க நோயாளிங்க படுத்திருக்காங்க, வெளிய போங்க!" என்று விரட்டினார். வாசலுக்குப் போய் மிச்சத்தைச் சிரித்தோம்.