விடத் தெரிந்த மூங்கில்

போன ஞாயிற்றுக்கிழமை கோட்டைப்பட்டினத்துக் கடலில் முழுகியிருக்க வேண்டியவன், இந்த வாரமும் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். காரணம் ஒரு மூங்கில் துண்டு. அதைத் தேர்ந்தெடுத்தது நான் அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் ஆபீஸில் இன்ஜினீயராக இருந்த வெள்ளைக்காரத் துரை, சீமைக்குக் கப்பல் ஏறும்போது தன் தூண்டில் கம்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பளபளவென்று வார்னிஷ் அடித்த கம்பு, அடியில் நூல் சுற்றும் சக்கரம். பத்து வருஷம் அவருடைய தமிழ்க் கடிதங்களை எல்லாம் நான்தான் எழுதினேன். அந்தப் பிரியம்.

கூடவே ஒரு கேட்டலாக். படகு ஓடும்போது தூண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிப்பது துரைக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ட்ரோலிங் என்பார். மணிக்கணக்கில் கம்பைப் பிடித்திருந்தால் தோள் விட்டுப்போகாதா? அதற்காகப் படகின் ஓரத்தில் ஒரு ஹோல்டர் வைத்துக் கம்பை அதில் செருகிவிடுவார்களாம். அந்த ஹோல்டருக்கு மட்டும் கேட்டலாகில் ஆறு பக்கம்! சாய்ந்தது, நிமிர்ந்தது, திருகு வைத்தது, பட்டை போட்டது... பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது போல மூன்று வாரம் பார்த்தேன்.

கடைசியில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, திருமயத்தில் எனக்குத் தெரிந்த பாத்திர ஆசாரியிடம் கொண்டுபோனேன். முழங்கை நீளத்துக்குப் பித்தளைக் குழாய், அதற்கு அடியில் கனமான தகடு, தகட்டில் நான்கு திருகு. மனிதர் அதைத் தன் பட்டறைத் தூணில் முடுக்கி, அதைப் பிடித்துத் தொங்கியே காட்டினார். அசையவில்லை. எனக்குப் பரம திருப்தி.

பை நிறையப் பித்தளையோடு பஸ் ஏறிக் கோட்டைப்பட்டினம் போய் இறங்கினேன். அங்கே காதர் என்பவர் எனக்குப் பழக்கம். முப்பது வயது இருக்கும், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒரு வத்தை வைத்திருக்கிறார். வத்தை என்றால் பாய் கட்டிய சின்னப் படகு. அவர் குடும்பத்துக்குச் சோறு போடுவது அதுதான்.

காதர் ஹோல்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நிக்கிறது நல்லா நிக்கும்ங்க. விடணும்னா எப்படி விடும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடுவதற்கா ஹோல்டர் செய்வார்கள்? கேட்டலாகை விரித்து, துரை பிரியமாகக் கொடுத்த கம்பு என்பதையும் சேர்த்து, ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் படகில் நான்கு துளை போடுவதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. கொல்லைப்பக்கம் போய் ஒரு தடித்த மூங்கில் துண்டோடு வந்தார். அதைப் படகின் ஓரத்தில் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டினார். முடிச்சின் வால் ஒன்று வெளியே தொங்கியது. கம்பை மூங்கிலுக்குள் செருகி, ஒரு மெல்லிய கயிற்றால் மூங்கிலோடு பிணைத்தார். இதுதான் ஹோல்டர்!

என் பித்தளை பைக்குள்ளேயே கிடந்தது. நான் முகத்தை 'உர்'ரென்று வைத்துக்கொண்டு படகில் ஏறினேன்.

காலை வேளை, நல்ல காற்று. ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரே இழுப்பு! மீனா, சுறாவா, கடலுக்கடியில் கிடந்த எதிலாவது மாட்டியதா... இன்றுவரை தெரியாது. சக்கரத்தில் நூலைத் தளர்த்துவதற்கு ஒரு திருகு உண்டு. அது எதற்கு என்று தெரியாமல் நான் ஏற்கெனவே இறுக்கி முடுக்கி வைத்திருந்தேன். படகு பாயின் வேகத்தில் ஒரு பக்கம் போக, நூல் இன்னொரு பக்கம் இழுக்க, வத்தை சாய்ந்தது. ஓரத்தைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது.

இந்த நேரத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? எதிர்ப்பக்கம் நகர்வான். நான் எழுந்து, சாய்ந்த பக்கமே போய், கம்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். துரை கொடுத்த கம்பு அல்லவா? காதர் கையை விடச் சொன்னார். இரண்டு தரம் சொன்னார். காதில் விழுந்தது, கைக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு விஷயம் — எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊர் புதுக்கோட்டையில் இத்தனை குளம் இருந்தும் படிக்கட்டோடு நின்றுகொண்டவன் நான்.

காதர் பாய்க்கயிற்றை விட்டுவிட்டு ஒரே எட்டில் வந்தார். ஒரு கையால் என் இடுப்பை வளைத்தார், இன்னொரு கையால் அந்த முடிச்சின் வாலை இழுத்தார். கட்டு அவிழ்ந்தது. அவ்வளவுதான். மூங்கிலும் கம்பும் என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டன. நாங்கள் இருவரும் படகுக்குள் மல்லாந்து விழுந்தோம். வத்தை நிமிர்ந்தது.

உயிர் பிழைத்தவன் முதலில் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயோ, என் கம்பு போச்சே!" இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

காதர் தகரக் குவளையால் தண்ணீரை இறைத்துக் கொட்டினார். பிறகு பாயைத் திருப்பிப் பிடித்து, அலைகளைப் பார்த்துக்கொண்டே படகைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் கையை நீட்டினார். நூல் அறுந்துவிட்டிருக்க வேண்டும்... தூரத்தில் மூங்கில் மிதந்துகொண்டிருந்தது. அதோடு பிணைத்த கயிற்றில், என் கம்பு!

"அடிக் கணுவ ஒடைக்காம விட்டேன்ங்க, மெதக்கட்டும்னு. தொரை பிரியமாக் குடுத்ததுன்னு சொன்னீங்கள்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய படகில் துளை போடுவதைப் பற்றி நான் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. அவரோ என் கம்பு தொலைந்துவிடக் கூடாதே என்று, நான் முகம் கொடுத்துப் பேசாதபோதும், யோசித்திருக்கிறார்.

கரையில் வாழ்கிற நமக்கு எதை வாங்கினாலும் ஒரே கேள்விதான். கெட்டியாக இருக்குமா? கதவோ, நாற்காலியோ, உத்தியோகமோ, ஏன், நம் அபிப்பிராயங்களோ கூட... அசையாமல் இருந்தால் நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறோம். காதர் கேட்ட கேள்வியை நான் நாற்பத்தைந்து வயதுவரை எந்தக் கடையிலும் கேட்டதில்லை. அந்தப் பித்தளையை மாட்டியிருந்தால் நாங்கள் இருவர், படகு, கம்பு எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போயிருப்போம்.

கரையேறியதும் அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ நன்றிக் கடிதம் எழுதிக் கொடுத்தவன், எனக்கென்று வந்தபோது வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. காதருக்குத்தான் சங்கடமாகிவிட்டது. மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு சொன்னார்:

"அடுத்த தடவ வாரப்ப, கம்ப மூங்கிலு புடிச்சுக்கிரும்ங்க. நீங்க படகப் புடிச்சுக்கங்க."

உத்தரவு, காதர்!